கடைசிப் பத்தியில் சாகும் குழந்தை

நம்மூர்த் தமிழ்ச் சிறுகதையில் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் என்று முதல் பக்கத்தில் வந்துவிட்டால், கடைசிப் பக்கத்தைப் புரட்டவே வேண்டாம். குழந்தை செத்துவிடும். எப்படிச் சாகும் என்பதுகூட ஏறக்குறைய முடிவான விஷயம். வெளியே மழை பெய்யும். இல்லையென்றால் தீபாவளிக்கு முதல் நாளாக இருக்கும். அப்பா வாங்கிவந்த புதுக் கவுன் பிளாஸ்டிக் பையிலேயே கிடக்கும். குழந்தை தன் வயதுக்கு மீறிய ஞானத்தோடு, "நான் சாமிகிட்ட போறேன், நீங்க அழக்கூடாது" என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லும். அம்மா கதறுவாள். முற்றும்.

இந்தக் கதையைப் போட்டித் தொகுப்புகளிலும் ஞாயிறு இதழ்களிலும் வெவ்வேறு பெயர்களின் கீழ் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் நல்லவர்கள், குழந்தைகள்மேல் பிரியம் உள்ளவர்கள். யாரையும் பெயர் சொல்லித் திட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் இந்தக் கதையை இனி எழுத வேண்டாம் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது. என் மகளுக்கு மூன்று வயதில் இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். இப்போது நான்கரை வயது. போன வாரம் என் கைப்பேசியை மீன் தொட்டியில் போட்டாள்.

நான் எழுத்தாளன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாசகன், அவ்வளவுதான். ஒரு பொறியியலாளனாக முதலில் கணக்கைப் பேசிவிடுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது லியூக்கேமியா. அதிலும் பெரும்பாலானது ஏ.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வகை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த நூறு பிள்ளைகளில் பத்துப் பேர்கூடப் பிழைக்கவில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் நூற்றில் எண்பதைத் தாண்டிக் குணமாகிறார்கள். "அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல" என்று யாராவது சொல்வதற்குள் அடுத்த தகவலையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து மா-ஸ்போர் என்ற கூட்டாய்வைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் ஆலன் யோ, மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஹானி அரிஃபின் போன்றவர்களின் பெயர்கள் அதோடு சேர்ந்தவை. முதல் சில வார சிகிச்சைக்குப் பிறகு எலும்பு மச்சையில் எவ்வளவு நோயணு மிச்சம் இருக்கிறது என்று மிக நுணுக்கமாக அளந்து, குறைவாக இருக்கும் பிள்ளைக்கு மருந்தைக் குறைப்பது, அதிகமாக இருக்கும் பிள்ளைக்குக் கூட்டுவது என்பதே அதன் அடிப்படை. 2012இல் முடிவு வெளிவந்தது. ஆறு ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றில் 80க்கும் மேல். தேவையில்லாத நஞ்சைப் பிள்ளைகளுக்கு ஏற்றாமலேயே அதைச் செய்து காட்டினார்கள்.

ஜொகூர் பாலத்தின் இரு கரையிலும் உள்ளவர்கள் சேர்ந்து செய்த காரியம் இது. நாம் எத்தனையோ முறை வரி கட்டிய, எத்தனையோ முறை குறை சொன்ன அரசாங்க மருத்துவமனைகளில் நடந்தது. நம் சிறுகதைக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது இன்னும் 1982இல் நிற்கிறது. அந்த ஒரே வருடத்தில் 'பயணங்கள் முடிவதில்லை', 'வாழ்வே மாயம்' என்று இரண்டு படங்களில் நாயகனுக்குப் புற்றுநோய் வந்து, காதலியைத் தள்ளிவைத்து, பாட்டுப் பாடி, செத்துப்போனான். நம் அப்பா அம்மாக்கள் அழுத அழுகை அது. அந்த நாயகர்களாவது பெரியவர்கள். அங்கே கற்ற அழுகையை எடுத்து மூன்று வயதுப் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டது நாம்தான்.

இந்த நோய்க்கு ஒரு வரலாறும் இருக்கிறது. வேண்டுமென்றால் அதைக் கதையாக எழுதலாம். 1940களில் லெடர்லி ஆய்வகத்தில் எல்லப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகளைச் செய்தார்கள். அவர் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அங்கே கதர் உடுத்தியதற்காக ஓர் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப்பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தவர் என்று சொல்வார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அந்த மருந்தை லியூக்கேமியா வந்த 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் பின்வாங்கியது. 1948இல் அதை வெளியிட்டபோது நம்பாதவர்களே அதிகம். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் இன்று என் மகள் வாரம் ஒரு நாள் விழுங்குகிறாள்.

இன்னொரு மருந்து வின்கிரிஸ்டின். அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிறது. தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் யாரும் நடாமலே வளர்ந்து கிடந்த அதே செடிதான். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். இதைச் சொன்னதும் ஒரு மாமா என்னிடம், "அப்ப அந்தப் பூவயே அவிச்சுக் கொடுத்துறலாமே, எதுக்குய்யா ஊசி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். காய்ந்த இலை டன் கணக்கில் தேவைப்படும், கிடைப்பது கிராம் கணக்கில். என் மகளின் உடல்பரப்பு 0.6 சதுர மீட்டர். ஒரு முறைக்கு அவளுக்கு ஏறுவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அது கொஞ்சம் கூடினால் நரம்பு போய்விடும். நரம்புக்குழாயில் போக வேண்டிய மருந்து தவறி முதுகுத்தண்டில் போனால் உயிரே போய்விடும். அதனால்தான் அதைத் தனியாக வைத்து, இரண்டு பேர் பெயரையும் அளவையும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்து ஏற்றுகிறார்கள். செடி உண்மை. செடிக்கும் ஊசிக்கும் நடுவில் உள்ள அறுபது ஆண்டு உழைப்பும் உண்மை. அவித்த தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரி, அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே, அது எப்படி இருக்கும்? கதைகள் சொல்வதுபோல் அது பொங்கிவரும் கண்ணீராக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, காலில் காரணமில்லாத நீலத்தடங்கள், நடக்க மாட்டேன் தூக்கு என்று அழுகை. கிளினிக்கில் மூன்று தடவை வைரஸ் காய்ச்சல் என்றார்கள். நான்காவது தடவை இரத்தம் எடுத்தார்கள். அன்று மாலையே வார்டில் இருந்தோம். அந்த இரவை நான் விவரிக்கப் போவதில்லை. அதை விவரிக்கப் பலர் இருக்கிறார்கள்.

யாரும் விவரிக்காதது இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டாவது வருடம் வரைக்கும். ஏ.எல்.எல்.லுக்குச் சிகிச்சை ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம். முதல் ஐந்து வாரம் ஸ்டீராய்டு. பிள்ளையின் முகம் சந்திரன்போல் வீங்கும். பசி என்றால் அப்படி ஒரு பசி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மீ கோரேங் வேண்டும் என்பாள். வாங்கி வந்தால் இது இல்லை, மாமாக் கடையில் விற்கும் அது வேண்டும் என்பாள். கோபத்தில் என்னைக் கடிப்பாள். கதைகளில் வரும் ஞானக்குழந்தை எந்த வார்டிலும் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் என்னவென்றே தெரியாது. ஊசி என்றால் தெரியும், ஊசி போடும் மிஸ்ஸியின் பெயர் தெரியும், ஊசிக்கு அப்புறம் எந்த ஸ்டிக்கர் கிடைக்கும் என்பது தெரியும்.

பிறகு எண்கள். வார்டில் பெற்றோர் ஒருவரையொருவர் விசாரிப்பது "பசியாறிட்டீங்களா"வுக்கு அடுத்து "கவுன்ட் எவ்வளவு?" என்றுதான். வெள்ளணுக்களின் எண்ணிக்கை விழுந்திருந்தால் ஊசி தள்ளிப்போகும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே ஓட வேண்டும். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கிறது. அதில் துண்டு, பால் போத்தல், பிள்ளையின் சிகிச்சைப் புத்தகம், டச் அண்ட் கோ அட்டை, என் சட்டை ஒன்று.

கடைசியாக வருவது பராமரிப்புக் கட்டம். இதுதான் மிக நீளமானது. தினமும் இரவு மெர்கேப்டோப்யூரின் மாத்திரை. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். எங்கள் வீட்டில் அது பாதி மாத்திரை, சில நாள் முக்கால் மாத்திரை, கவுன்ட் விழுந்தால் நிறுத்தம். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இந்த மாத்திரையை 95 விழுக்காட்டுக்குக் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுவதாகக் காட்டியது. அதாவது நூறு இரவில் ஐந்துக்கு மேல் தவறக்கூடாது. துப்பினாலும், தூங்கிவிட்டாலும், கல்யாண வீட்டில் இருந்தாலும், நமக்கு அலுத்துவிட்டாலும் தவறக்கூடாது. நானும் மனைவியும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டிக் கட்டம் கட்டமாக அடித்து வருகிறோம். தொழிற்சாலையில் பம்புக்கு எண்ணெய் மாற்றும் அட்டவணையும் இதே மாதிரிதான் இருக்கும். பம்புக்கும் யாரும் கண்ணீர் விடுவதில்லை. நாள் தவறாமல் பார்த்துக்கொள்கிறோம், அதனால் அது ஓடுகிறது.

இதைப் போய் 'போராட்டம்' என்கிறார்கள். 'குட்டிப் போராளி' என்று என் மகள் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதினார். போராடுகிறவர் ஜெயிப்பார் என்றால் தோற்றவர் சரியாகப் போராடவில்லை என்று ஆகிறதே! சூசன் சாண்டாக் 1978இலேயே நோயை உருவகமாக்காதீர்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகுதான் எழுதினார். தன் நோயைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லும் நாம் அவர் சொன்னதைக் கேட்பதில்லை. என் மகள் எதனோடும் போராடவில்லை. அவள் மாத்திரை சாப்பிடுகிறாள், மைலோ குடிக்கிறாள், கார்ட்டூன் பார்க்கிறாள். அவளுக்குள் மருந்து வேலை செய்கிறது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கே உரிய ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். சினிமாவில் மொட்டைத் தலை என்றால் புற்றுநோய். நம் ஊரில் மொட்டைத் தலைப் பிள்ளை என்றால் நேர்த்திக்கடன். முடி முழுக்க உதிர்ந்த பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். மளிகைக் கடை அக்கா அவள் தலையைத் தடவி, "மொட்ட போட்டாச்சா? பத்துமலையா, மாரான் மரத்தாண்டவரா?" என்று கேட்டார். சந்தனம் பூசவில்லையா என்று இன்னொருவர். எனக்குச் சிரிப்பாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரம் அவள் மற்ற பிள்ளைகளைப்போல ஒரு பிள்ளை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கை சட்டென்று பின்னால் போயிருக்கும். போனதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்தக் கையைப் பின்னால் இழுப்பது எது? நோயா? அந்த நோய் தொற்றாது என்று எல்லாருக்கும் தெரியும். இழுப்பது கதை. கடைசிப் பத்தியில் இந்தப் பிள்ளை செத்துப்போகும் என்று அந்தக் கைக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நான் கோபப்படுவதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். மோசமான கதை என்பதற்காக மட்டும் ஒருவன் இரண்டாயிரம் வார்த்தை எழுத மாட்டான். எங்களைப் பார்க்க வந்த உறவினர்களில் பாதிப் பேர் சொன்ன வாக்கியம் இது: "இருக்கிற வரைக்கும் பிள்ளைய சந்தோஷமா வெச்சுக்குங்க." அன்பாகத்தான் சொன்னார்கள். கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு, கண் கலங்கித்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் பொருள் என்ன? முடிவு தெரிந்துவிட்டது, மிச்சம் இருப்பது நாள்கள்தான், எதற்கு ஊசி போட்டு வதைக்கிறீர்கள் என்பதுதான். முடிவு தெரிந்த கதையில் மருந்துக்கு இடமில்லை. அங்கேதான் பெலாலாய் காஜா இலையும், முள்சீத்தா இலைத் தண்ணீரும், "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு நாலாவது ஸ்டேஜ், இதக் குடிச்சு இப்ப ஓடுறாரு" என்ற வாட்ஸ்அப் குரல்பதிவும் நுழைகின்றன. எப்படியும் சாகப்போகிற பிள்ளைக்கு எதையாவது கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

நஷ்டம் எண்பது விழுக்காடு.

உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் குழந்தைப் புற்றுநோய்க்கென ஒரு திட்டம் தொடங்கியது. ஏழை நாடுகளில் பிள்ளைகள் பிழைக்காமல் போவதற்கு அது சொல்லும் காரணங்களில் நோயைத் தாமதமாகக் கண்டறிவதோடு, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் ஒன்று. பாதியில் விடுகிறவர்கள் முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஐந்து வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பிள்ளை சிரிக்கும், ஓடும். மருந்துதான் அதைப் படுக்க வைப்பதுபோலத் தோன்றும். 'இருக்கிற வரைக்கும் சந்தோஷமா' என்று பத்துப் பேர் காதில் ஓதியிருந்தால், நல்ல அப்பா என்ன செய்வார்? பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

இதில் அம்மாக்களுக்கு விழும் அடி தனி. வயிற்றில் இருந்தபோது என்ன சாப்பிட்டாள், எந்தக் கிரகணத்தில் வெளியே போனாள், யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள் என்று என் மனைவியை விசாரணை செய்தவர்கள் உண்டு. என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று சுட்டிக்காட்டக்கூடிய ஒரு காரணம் கிடையாது. அணு பிரியும்போது நடக்கும் ஒரு பிசகு. இந்தப் பதிலை நம் சமூகத்தால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் இதில் குற்றவாளி இல்லை. நம் கதைகளோ அம்மாவின் பழைய பாவத்தையும் பிள்ளையின் நோயையும் முடிச்சுப் போடத் தயங்குவதே இல்லை.

கதையோடு மட்டும் நிறுத்தினால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர் அண்ணன் தன் மகனோடு இருந்தார். அவருக்கு இலை மருந்தில் நம்பிக்கை கிடையாது. டாக்டர் சொன்னதை எழுதிவைத்துக் கேட்பார். மூன்றாவது மாதம் மகனை அழைத்துக்கொண்டு போனவர் வரவில்லை. நான்கு மாதம் கழித்துத் திரும்பினார். நோயும் திரும்பியிருந்தது. மறுபடி முதலிலிருந்து, இன்னும் கடுமையான மருந்தோடு. ஏன் அண்ணே என்று கேட்டேன். "ஓடுனாத்தான் சம்பளம் தம்பி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தீபகற்ப மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தொழிலாளி நோயில் விழுந்தால் அவருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. குழந்தை பிறந்தால் அம்மாவுக்கு 98 நாள். 2023 முதல் அப்பாவுக்கு 7 நாள். குழந்தை நோயில் விழுந்தால்? அதற்கென்று ஒரு நாள்கூடக் கிடையாது. இரண்டு வருடம் தாண்டி, ஐந்து வருடத்துக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 12 நாள். அதை எடுத்துத்தான் இரண்டரை வருடச் சிகிச்சையைச் சமாளிக்க வேண்டும். முதல் ஐந்து வாரத்திலேயே அது தீர்ந்துவிடும். பிறகு சம்பளமில்லா விடுப்பு, பிறகு முதலாளியின் முகம். சிங்கப்பூரில் ஏழு வயதுக்குக் கீழே குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு வருடத்துக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. அதுவும் இந்த நோய்க்குப் போதாது, ஆனால் பிள்ளை என்று ஒருவர் இருப்பதையாவது அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. இங்கே பிள்ளையின் கடும் நோய்க்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணத்தை எடுக்கலாம். நம் பணத்தை நமக்குத் தருவார்கள். நாளைத் தருவதற்கு ஆளில்லை. அரசாங்க மருத்துவமனையில் மருந்துக்கு நான் கட்டிய தொகை என் டோல் செலவைவிடக் குறைவு. எங்களை முறிப்பது மருந்துச் செலவில்லை, நாள்.

இதைப் பற்றி ஒரு கதை வந்ததா? ஒரு கவிதை? நம் அமைப்புகளிலிருந்து ஒரு கோரிக்கை மனு? வருவதெல்லாம் ஆளுயர மாதிரிக் காசோலை. ஒரு முனையைத் தலைவர் பிடிப்பார், மறு முனையை மொட்டைத் தலைப் பிள்ளையிடம் கொடுப்பார்கள். பிள்ளையின் முகக்கவரியைப் படத்துக்காகக் கழற்றச் சொல்வார்கள். வெள்ளணு இல்லாத பிள்ளை அது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருமினால் போதும். எங்களிடமும் ஓர் அமைப்பு வந்து கேட்டது. பணம் பெரிய தொகைதான். கவரியைக் கழற்ற முடியாது என்று சொன்னோம். அதற்குப் பிறகு அவர்கள் அழைக்கவில்லை. கொடுப்பவரின் கண்ணீர் படத்தில் தெரிய வேண்டும் என்றால் வாங்குபவர் பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்க வேண்டும். இந்தப் பரிதாபத்தின் தேவையைத்தான் நம் சிறுகதையும் வருடக்கணக்காக நிறைவேற்றி வருகிறது.

ஒரு நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப பிள்ளைங்க சாகறதே இல்லையா? நம்பிக்கைக் கதை மட்டும் எழுதணும்னு சொல்றியா? அதுக்குப் பேரு பிரச்சாரம்" என்றார். சரியான கேள்வி. சாகிறார்கள். நூற்றில் எண்பது என்றால் மிச்சம் இருபது இருக்கிறது. வேறு வகைப் புற்றுநோய்களில் கணக்கு இன்னும் மோசம். நாங்கள் இருந்த காலத்தில் அந்த வார்டிலும் நடந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி நான் இங்கே எழுத மாட்டேன். அது அவள் அம்மாவுக்குச் சொந்தமானது, அவர் என்னிடம் அனுமதி தரவில்லை. நான் கேட்பது நம்பிக்கைக் கதை இல்லை. கணக்குத் தெரிந்த கதை. சாவு வரட்டும், ஆனால் மழையைப்போல எங்கிருந்தோ வராமல், எந்தக் காரணத்தால் வந்ததோ அந்தக் காரணத்தோடு வரட்டும். கவுன்ட் விழுந்த இரவு, எண்பது கிலோமீட்டர் தூரத்து மருத்துவமனை, சம்பளமில்லா விடுப்பு, பத்துப் பேர் சொன்ன அன்பான வாக்கியம் இவற்றின் வழியாக வந்தால் அது வாசகனைச் சும்மா விடாது. நம் வழக்கமான கதையை வாசித்தவன் கண்ணைத் துடைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான், ஏனென்றால் அந்தக் கதையில் அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் லோரி மூர் 1997இல் நியூயார்க்கர் இதழில் ஒரு சிறுகதை எழுதினார். கைக்குழந்தைக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். அம்மா ஒரு எழுத்தாளர். கணவன் அவளிடம் குறிப்பெடுத்துக்கொள், பணம் வேண்டியிருக்கும் என்கிறான். அந்தக் கதையில் எரிச்சல் இருக்கிறது, கெட்ட நகைச்சுவை இருக்கிறது, வார்டில் இருக்கும் மற்ற பெற்றோர்மேல் ஒரு விலகல்கூட இருக்கிறது. குழந்தை சாகவில்லை. ஆனாலும் படித்து முடிக்கும்போது நமக்கு எதுவும் லேசாக இல்லை. நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் புனிதர்களாக இருக்க வேண்டியதில்லை என்று தமிழில் ஒரு கதை எனக்குச் சொல்லியிருந்தால், அந்த முதல் மாதங்களில் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

ஆகவே போட்டிக்குக் கதை எழுதப்போகும் நண்பர்களுக்கு: ஒரு நாள், வெறும் ஒரு நாள், ஏதாவது அரசாங்க மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் போய் உட்காருங்கள். காலை ஏழு மணிக்கு எண் எடுப்பதிலிருந்து மதியம் மருந்து வாங்குவதுவரை பாருங்கள். போட்டி நடுவர்களுக்கு: கடைசிப் பத்தியில் ஒரு குழந்தை செத்தால், அந்தச் சாவைக் கதை சம்பாதித்ததா, கடன் வாங்கியதா என்று கேளுங்கள். கடன் என்றால் புள்ளி கொடுக்காதீர்கள். சங்கம் நடத்துகிறவர்களுக்கு: மாதிரிக் காசோலை அச்சடிக்கும் காசை மிச்சப்படுத்திவிட்டு, பிள்ளையின் நோய்க்கு விடுப்பு வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

வாசகர்களுக்கு ஒன்றே ஒன்று. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு அடிக்கடி பிளேட்லெட் தேவைப்படும். எடுத்த பிளேட்லெட் சில நாள்தான் தாங்கும், சேர்த்துவைக்க முடியாது. பண்டிகைக் காலத்திலும் நோன்பு மாதத்திலும் கொடுக்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். எலும்பு மச்சை மாற்றம் தேவைப்படும் பிள்ளைகள் சிலர்தான். அவர்களுக்குப் பொருத்தமானவர் பெரும்பாலும் சொந்த இனத்துக்குள்தான் கிடைப்பார். இந்த நாட்டில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பதிவேட்டில் எத்தனை பேர் இருப்போம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணீர் எங்களிடமே போதுமான அளவு இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் இரத்த வங்கி சனிக்கிழமை திறந்திருக்கிறதா என்று அழைத்துக் கேளுங்கள்.